பணிவு, எளிமை என்று பொருள் வருகிற பெண் குழந்தைப் பெயர் சொல்லுங்களேன் (அடங்கிப் போ என்று அர்த்தம் வரக் கூடாது)

பாளை மருமகள் கேட்டது:

அண்ணாச்சிமார், மதினிமார் எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு இரண்டாவதாகப் பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். மூத்தவனுக்கு வழக்கப்படி மாமனார் பேரையே வைத்தோம், ஆனால் மாமனார் பேரைச் சொல்லி நான் எப்படி அதட்டுவேன், அதனால் வீட்டில் அவன் ராசாதான். இப்போது மகளுக்குப் பேர் விட வேண்டும், இந்த மாதக் கடைசியில் வைத்திருக்கிறோம். மாமியார் தன் மாமியார் பேரான பிச்சம்மாள் எப்படியாவது வர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். என் வீட்டுக்காரருக்கு வேறு ஆசை. மூத்தவன் வகுப்புப் பிள்ளைகள் பேருக்கெல்லாம் அர்த்தம் கேட்டால் ராணி, வெற்றி, உலகை ஆள்பவள் என்றே சொல்கிறார்களாம், நம்ம பிள்ளைக்குப் பணிவு, எளிமை என்று ஒரு பேர் இருந்தால் என்ன என்கிறார். எனக்கும் அது பிடித்திருக்கிறது. ஆனால் ஒரே ஒரு கண்டிஷன், 'பொம்பளைப் பிள்ளைன்னா அடக்க ஒடுக்கமா இருக்கணும்' என்று சொந்தக்காரர்கள் பேசுவதற்கு அந்தப் பேரே சாட்சி சொல்கிற மாதிரி இருக்கக் கூடாது. நெட்டில் இருக்கிற பட்டியல்களைப் பார்த்து அலுத்துவிட்டது, ஒரே பேருக்கு ஒன்றில் பணிவு என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் நிலா, இன்னொன்றில் வெற்றி. தமிழானாலும் சரி, வடமொழியானாலும் சரி, பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒரே மூச்சில் கூப்பிடுகிற மாதிரி இருந்தால் போதும். நியூமராலஜி வேண்டாம்.

கல்லிடை தமிழய்யா:

வாழ்த்துகள் அம்மா. முதலில் வேண்டாததைச் சொல்லிவிடுகிறேன். அடக்கம் என்பதை நேரடியாகப் பேரில் சேர்க்காதீர்கள். திருக்குறளில் பதின்மூன்றாவது அதிகாரமே அடக்கமுடைமைதான், பெருமைக்குரிய சொல்தான், ஆனால் நம்ம ஊர்ச் சுவரொட்டியில் 'நல்லடக்கம் இன்று மாலை' என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறு நினைப்பு வரும்.

நான் சொல்வது பணிமொழி. பணிவான, மென்மையான பேச்சு, அப்படிப் பேசுகிறவள். வள்ளுவரே காதலியை இந்தச் சொல்லால்தான் குறிக்கிறார், 1121ஆம் குறள், 'பாலொடு தேன்கலந் தற்றே பணிமொழி வாலெயிறு ஊறிய நீர்'. இனியவை கூறல் அதிகாரத்தில் 95ஆம் குறளையும் பாருங்கள், 'பணிவுடையன் இன்சொலன் ஆதல் ஒருவற்கு அணியல்ல மற்றுப் பிற'. ஒருவருக்கு நகை என்றால் பணிவும் இனிய சொல்லும்தான், மற்றதெல்லாம் நகையே இல்லை என்கிறார். இதில் ஆண் பெண் என்ற பிரிவினை கிடையாது. பணிவும் பேச்சும் சேர்ந்தே இருப்பதால் உங்கள் கண்டிஷனுக்கும் பொருந்தும், வாய் மூடி இருப்பவளுக்கு எப்படி 'மொழி' என்று பேர் வைக்க முடியும்?

யாராவது தும்பை என்று சொல்வார்கள், சின்ன வெள்ளைப் பூ, எளிமையாக இருக்கிறது என்று. நல்ல பேர்தான். ஆனால் பழைய புறத்திணையில் தும்பை சூடுவது எதற்குத் தெரியுமா? இரண்டு படையும் களத்தில் நேருக்கு நேர் மோதுவதற்கு. பணிவு தேடிப் போய்ப் போர்ப்பூவில் முடியும்!

கேடிசி நகர் கோபக்காரி:

தமிழய்யா, அதே பணிமொழி 1258இல் என்ன பாடு படுகிறது என்று சொல்லவில்லையே. 'பன்மாயக் கள்வன் பணிமொழி அன்றோநம் பெண்மை உடைக்கும் படை'. பல மாயம் செய்கிற கள்ளன் பேசுகிற பணிந்த பேச்சு. ஒரு இடத்தில் காதலி, இன்னொரு இடத்தில் ஏமாற்றுக்காரனின் ஆயுதம். சும்மா சொன்னேன், பேர் நல்லாவே இருக்கிறது.

மருமகளுக்கு ஒரு கேள்வி, கோபப்படாமல் கேளுங்கள். மூத்தவனுக்குத் தாத்தா பேர் வைத்தபோது அதில் பணிவு இருக்கிறதா என்று உங்கள் வீட்டுக்காரர் தேடினாரா? பெண் பிறந்ததும்தான் இந்த ஆசை வருகிறது, பல வீட்டில் பார்த்தாச்சு. ஆணுக்குப் பணிவுப் பேர் நம்ம பக்கம் கொட்டிக் கிடக்கிறது, சிவனடியான், தாசன், தொண்டன், எல்லாம் மரியாதையான பேர். அதையே பெண்ணாக்கிப் பாருங்கள். அடியாள் என்றால் அரிவாளோடு வேனில் வருகிற ஆள், தாசி என்றால் என்ன ஆகிவிட்டது என்று நான் சொல்லவே வேண்டாம். பணிவு ஆணுக்குப் பக்தி, பெண்ணுக்கு விதி என்று ஆக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் நீங்கள் போட்ட கண்டிஷன் மிகச் சரி, அதை விட்டுவிடாதீர்கள்.

வடமொழியில் வேண்டுமென்றால் உண்மையிலேயே அந்தப் பொருள் உள்ளவை கொஞ்சம்தான். நம்ரதா (நமஸ்காரத்தில் இருக்கிற அதே நம், வணங்குவது), பிரணதி (அதுவும் வணக்கம்தான்), விநயா, வினிதா. வினிதா நம்ம ஊரில் எண்பதுகளில் பிறந்தவர்களுக்கு நிறைய இருக்கும், நல்ல பயிற்சியும் பண்பும் உடையவள் என்பதுதான் அடிப்படை, அடங்கியவள் என்று மட்டும் இல்லை, எனக்கு அதனாலேயே பிடிக்கும். சௌம்யாவைப் பணிவு என்று போட்டிருப்பார்கள், அது சோமன், அதாவது சந்திரன் வழி வந்தது, சாந்தமானவள். உங்கள் பட்டியலில் நிலா வந்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும். அமானி என்று ஒன்று உண்டு, கர்வம் இல்லாதவர், விஷ்ணு சகஸ்ரநாமத்திலேயே வருகிறது, ஆனால் ரெவின்யூ ஆபீஸில் வேலை பார்த்த பெரியவர்கள் 'அமானி நிலமா' (சர்க்கார் நேரடியாக நிர்வகித்த நிலம்) என்று கேட்பார்கள்.

கல்லிடை தமிழய்யா:

கோபக்காரி மகளே, 1258ஐ எடுத்துப் போடுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ சொன்ன ஆண் பெண் விஷயத்துக்கு வள்ளுவரிடமே பதில் இருக்கிறது. நாணுடைமை அதிகாரத்தின் முதல் குறள், 1011. 'கருமத்தால் நாணுதல் நாணுத் திருநுதல் நல்லவர் நாணுப் பிற'. தகாத காரியம் செய்ய வெட்கப்படுவதுதான் நான் சொல்கிற நாண், பெண்களுடைய இயல்பான கூச்சம் அது வேறு என்று வாசலிலேயே பிரித்துவிட்டுத்தான் உள்ளே போகிறார். இந்தக் குறளை விட்டுவிட்டு அச்சம் மடம் நாணம் என்று மேடையில் முழங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல்தான்.

மேலப்பாளையம் வாப்பா:

எங்கள் பக்கம் ஹயா என்று பெண் குழந்தைகளுக்கு வைக்கிறார்கள், இப்போது கொஞ்சம் அதிகமாகவே. வெட்கம், நாணம், தகாததைச் செய்யக் கூசுவது எல்லாம் சேர்ந்தது. தமிழய்யா சொன்ன 1011 கிட்டத்தட்ட அதுவேதான். ஹயா ஈமானின் (இறைநம்பிக்கையின்) ஒரு கிளை என்று ஹதீஸ் இருக்கிறது, அது பெண்களுக்கு மட்டும் சொன்னது கிடையாது. ஹயாவுக்குப் பேர் போனவர் யார் என்று கேட்டால் உஸ்மான் (ரலி) அவர்களைத்தான் சொல்வோம், மூன்றாவது கலீஃபா, ஆண். என் மகளுக்கு அந்தப் பேரை வைத்தபோது இதைச் சொல்லித்தான் வைத்தேன், மகன் தப்புச் செய்தாலும் 'ஹயா இல்லையாலே' என்றுதான் வீட்டில் கேட்பார்கள். ஆபிதா என்றால் இறைவனை வணங்குபவள், அதுவும் இரண்டு சத்தத்தில் முடிகிற மாதிரி இல்லாவிட்டாலும் சுலபமான பேர். ஆண்களுக்கு அப்து என்று தொடங்குவது எல்லாமே அடிமை, இறைவனின் அடிமை, அதில் கூச்சமே கிடையாது.

அப்புறம் அந்தப் பிச்சம்மாள். சிரிக்காதீர்கள், எங்கள் தெருவிலும் மைதீன் பிச்சை உண்டு. முஹ்யித்தீன் ஆண்டவர் பேரால் கேட்டுக் கிடைத்த பிள்ளை என்று. அம்மன் கோயில் தெருவில் பிச்சையா, எங்கள் தெருவில் மைதீன் பிச்சை, ஒரே ரேஷன் கடை வரிசையில் நிற்பார்கள். மாமியார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள்.

சாயர்புரம் அக்கா:

நல்ல இழை. எங்கள் சபைகளில் ஏசுவடியான் என்ற பேர் தாத்தா தலைமுறையில் வீட்டுக்கு வீடு இருக்கும், கோபக்காரி சொன்ன மாதிரி ஆண்களுக்குத்தான். பெண்ணுக்கு ஏசுவடியாள் என்று நானும் கேட்டதில்லை. இத்தனைக்கும் பைபிளில் 'அடிமையின் தாழ்மையை நோக்கிப் பார்த்தார்' என்று பாடுவது மரியாள், மனத்தாழ்மை உள்ளவராக இருக்கிறேன் என்று சொல்வது இயேசு. சாந்தகுணத்தில் பூமியிலுள்ள எல்லாரையும் மிஞ்சியவர் என்று எழுதியிருப்பது மோசேயைப் பற்றி, பார்வோன் முன்னால் போய் நின்று எங்கள் ஜனத்தை விடு என்று கேட்ட மனுஷன். சாந்தம் என்றால் பயந்துகொண்டு மூலையில் உட்காருவது என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

பொருளில் எளிமை வேண்டுமென்றால் பவுல். லத்தீனில் பவுலுஸ் என்றால் சின்னவர், சிறியவர். நாங்கள் பவுல், பால் என்று வைத்துக்கொள்வோம், உவரி பக்கத்துக் கத்தோலிக்கர்கள் அவரையே சின்னப்பர் என்பார்கள், பேதுருவுக்கு இராயப்பர். நம்ம ஊர்ச் சின்னப்பன்களில் எத்தனை பேருக்குத் தங்கள் பேரும் பவுலும் ஒன்று என்று தெரியுமோ. பெண்ணுக்கு பவுலின். நீங்கள் இந்து வீடு என்று தெரிகிறது, வைக்க மாட்டீர்கள், தகவலுக்குச் சொன்னேன்.

குறுக்குத்துறை சண்முகம் பேரன்:

பிச்சம்மாள் விஷயத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அது பணிவுக்காக வைத்த பேர் இல்லை. முதல் இரண்டு மூன்று பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்தது பிறந்ததும் அதைக் குப்பையில் போட்டு எடுப்பார்கள், இல்லையென்றால் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கொடுத்துவிட்டுத் தவிட்டுக்குத் திரும்ப வாங்குவார்கள், மூக்குக் குத்துவார்கள். இந்தப் பிள்ளை ஒன்றுக்கும் ஆகாதது, எமன் எடுத்துப் போக வேண்டிய அளவுக்கு மதிப்பில்லாதது என்று காட்டுவதற்கு. குப்பன், குப்பம்மாள், தவிடன், மூக்கையா, மூக்கம்மாள், பிச்சை எல்லாம் அப்படி வந்த பேர்கள்தான் (எல்லாப் பிச்சையும் அப்படி இல்லை, சாமியிடம் மடியேந்தி வாங்கியது என்ற நேர்ச்சையும் உண்டு). அந்த ஆச்சிக்கு முன்னால் பிறந்து போன பிள்ளைகள் யார் யார் என்று மாமியாரிடம் ஒருநாள் உட்கார்ந்து கேளுங்கள். பேரைப் பிடிக்கிறதோ இல்லையோ, அந்தக் கதை உங்கள் மகளுக்குத் தெரிய வேண்டும்.

அதற்காகப் பிச்சம்மாளை அப்படியே சர்டிபிகேட்டில் ஏற்றச் சொல்லவில்லை. என்னோடு படித்த பிச்சை என்பவனை வகுப்பில் என்ன பாடு படுத்தினோம் என்று எனக்குத்தான் தெரியும். பெரியவர்கள் உயிருக்குப் பயந்து வைத்த பேர் அது, இன்றைக்கு அந்தப் பயம் இல்லை, பேரை மட்டும் சுமக்கச் சொல்வது நியாயமில்லை.

பாளை மருமகள்:

மாமியாரிடம் கேட்டேன். ஆமாம், ஆச்சிக்கு முன்னால் இரண்டு பேர் போயிருக்கிறார்கள், பிறகு இவரைத் தவிட்டுக்கு வாங்கியிருக்கிறார்கள். வாங்கிக் கொடுத்த வீட்டுக்காரர்கள் கல்யாணத்தில் தாய்வீடு மாதிரி சீர் கொண்டு வந்தார்களாம். என் வீட்டுக்காரருக்கே இது தெரியாது.

கோபக்காரி அக்கா, உங்கள் கேள்வியை அவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் 'பையனுக்கு இனிமேல் மாற்ற முடியாதுல்லா' என்றார். பணிமொழி இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. பிச்சம்மாளை என்ன செய்வது என்றுதான் முழிக்கிறேன். பணிமொழி பிச்சம்மாள் என்று சேர்த்து வைக்கச் சொல்கிறார் மாமியார், விண்ணப்பத்தில் கட்டம் பத்தாது.

கோயில்வாசல் பூக்கட்டி:

இதற்கா முழிக்கிறீர்கள், பிச்சி என்று கூப்பிடுங்களேன். நம்ம பக்கம் பிச்சிப்பூ தெரியாத வீடு உண்டா, காந்திமதி அம்மன் சந்நிதிக்குப் போகிறவர்கள் தலையைப் பாருங்கள், மல்லிக்குச் சமமாகப் பிச்சியும் இருக்கும். வீட்டில் பிச்சி, ஆச்சி பேரும் ஆச்சு, பூவும் ஆச்சு. சர்டிபிகேட்டில் பணிமொழி.

கேடிசி நகர் கோபக்காரி:

பிச்சி என்றால் பித்துப் பிடித்தவள் என்றும் ஒரு பொருள் இருக்கிறது, பக்கத்து வீட்டுக் கிழவி யாராவது சொல்லாமல் இருக்க மாட்டாள், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே பிள்ளை வெளியில் பணிமொழி, வீட்டில் பிச்சி. அவளை அடக்க ஒடுக்கமாக இரு என்று சொல்ல எவனுக்கும் தைரியம் வராது.

ஆழ்வார்திருநகரி மாமா:

பேர் முடிவாகிவிட்டது, ஆனாலும் எங்கள் ஊர்ப்பக்கக் கதை ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. திருக்கோளூர், மதுரகவி ஆழ்வார் பிறந்த ஊர். அவர் நம்மாழ்வாரைத் தவிர வேறு தெய்வம் அறியேன் என்று அவருக்கே அடியவராக இருந்தவர். அந்தத் திருக்கோளூருக்கு ராமானுஜர் வருகிறார், எதிரே ஒரு பெண் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள். எல்லாரும் புகத் தேடுகிற ஊரிலிருந்து நீ ஏன் போகிறாய் என்று கேட்டதும் அவள் அடுக்குகிறாள், 'அழைத்து வருகிறேன் என்றேனோ அக்ரூரரைப் போலே' என்று தொடங்கி எண்பத்தொரு வாசகம். அவர்களைப் போல நான் என்ன செய்தேன், இந்த ஊரில் இருக்க எனக்கு என்ன தகுதி என்று. பெரிய வித்வானெல்லாம் உட்கார்ந்து வியாக்கியானம் சொல்கிற விஷயம் அது. இவ்வளவு கரைத்துக் குடித்த பெண் தன்னை ஒன்றும் இல்லாதவள் என்கிறாள், ஆனால் எதிரில் நிற்பது ராமானுஜர் என்று தயங்காமல் எண்பத்தொன்றையும் முழுசாகச் சொல்லித்தான் நிறுத்துகிறாள்! அவள் பேர் யாருக்கும் தெரியாது, திருக்கோளூர்ப் பெண்பிள்ளை, அவ்வளவுதான். பணிமொழி கொஞ்சம் பெரியவளானதும் அந்த ஊருக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள், நவதிருப்பதியில் ஒன்று, நெல்லையிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் போய்ப் பக்கத்தில்தான்.

பிறப்பு இறப்புப் பிரிவு (ஓய்வு):

நான் இந்த வேலையிலேயே தலை நரைத்தவன், அதனால் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதை ஆஸ்பத்திரியிலிருந்தே தகவல் கொடுத்துவிடுவார்கள், பேருக்கு அந்த அவசரம் கிடையாது. பேர் இல்லாமலே பதிந்துவிட்டு 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பேரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரை சேர்க்கலாம். ஆனால் வைத்த பேரைத் திருத்துவது பெரிய அலைச்சல். 2023 அக்டோபர் 1ஆம் தேதியிலிருந்து பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட், ஓட்டர் லிஸ்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சர்டிபிகேட்தான் ஆதாரம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது.

பணிமொழியில் கவனிக்க வேண்டியது மூணு சுழி ண. ரெண்டு சுழி போட்டால் பனிமொழி, அதுவும் வழக்கத்தில் இருக்கிற பேர், அதனால் டைப் அடிக்கிற பிள்ளைக்குத் தப்பு என்றே தோன்றாது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான், அதை வைத்துச் சரிபார்க்க முடியாது. ழி-க்கு இசட், ஹெச், ஐ என்று நீங்களே கேப்பிடல் எழுத்தில் எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் 'பனிமொலி' என்று எல் போட்டு வந்து நிற்கும். பிரிண்ட் எடுப்பதற்கு முன்னால் திரையில் தமிழ்க் கட்டத்தைக் காட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள், காட்டுவார்கள். இனிஷியலையும் அப்பா பேரையும் அண்ணன்காரன் சர்டிபிகேட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே வையுங்கள்.

பாளை மருமகள்:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. பேர் விட்ட பிறகு திங்கட்கிழமை போய்க் கொடுக்கிறோம், மூணு சுழியை நானே நின்று பார்க்கிறேன். மாமியார் இப்போதே பிச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார், ஆனால் எங்கள் அம்மாவுக்கு அது பேச்சி என்று காதில் விழுந்திருக்கிறது, பேச்சியம்மனுக்கு நேர்ந்திருக்கிறார்கள் என்று நினைத்து அங்கே ஒரு பொங்கல் வைக்க ஏற்பாடு நடக்கிறது.